வரிசை எண் 3: காற்றாடி ஒன்று

செப்டம்பர் 8

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நஸ்ரின் எழுதச் சொன்னார். "என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது மூச்சு வாங்குதுன்னு தினமும் எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு மூச்சு வாங்கவில்லை, தும்மல்தான் வருகிறது என்றேன். "அப்ப அதை எழுதுங்க" என்றார்.

பெயர் சுயம்புக்கனி. வயது 45. தலைமைக் காவலர், உப்போடை காவல் நிலையம். பதினோரு வருடமாக வழக்குச் சொத்து அறை என் பொறுப்பு. வழக்கில் பிடிபட்டது எதுவானாலும் என் மேஜைக்கு வரும். துணியில் பொதிந்து, சணல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு உள்ளே வைப்பேன். அதன்பிறகு கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு குண்டூசிகூட வெளியே போகாது. இன்றைய தேதிக்கு 1,143 பொருட்கள். எது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருக்கிறார். முழு மூச்சாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். என் வயசுக்கும் உயரத்துக்கும் 380 வர வேண்டுமாம். ரோட்டில் நின்று ஊரையே ஊதச் சொன்னவள் நான்.

ஊதல்: 290. தும்மல்: 41.

டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அந்த அறையின் காற்று மாற வேண்டும், இல்லையென்றால் நான் அறையை விட்டு மாற வேண்டும். 200க்குக் கீழே போனால் அவரே எஸ்.பி. ஆபீசுக்குக் கடிதம் எழுதி என்னை அங்கிருந்து தூக்கிவிடுவார். தூக்கட்டும் பார்ப்போம்.

செப்டம்பர் 9

அறையைப் பற்றி எழுத வேண்டுமாம். எட்டுக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் கிடையாது. மேலே சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை உண்டு. கட்டடம் கட்டும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று விட்டது. ஃபேன் வரவில்லை, தகரம் வந்தது. அதை அடித்து மூடிவிட்டார்கள்.

உள்ளே கடல் தாண்டி அக்கரைக்குக் கடத்த இருந்த பீடி இலை அறுபது மூட்டை, விரலி மஞ்சள் இருபத்திரண்டு மூட்டை, பெட்ரோல் கேன் ஒன்பது, கள்ளுப் பானை, அரிவாள்கள், பேப்பரில் சுற்றிய ரத்தத் துணிகள். கடல் அட்டையை வனத்துறைக்காரர்கள் எண்ணி வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. நாற்றத்தை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. அறைக்குள் பதினோரு மின்விசிறிகள் இருக்கின்றன. திருடு போய் மீட்டவை. பறிகொடுத்தவர்கள் கோர்ட்டுக்கு அலைய முடியாமல் புது ஃபேன் வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றும் ஓடும். பதினொன்றையும் போடக் கூடாது. சாட்சிப் பொருள்.

ஊதல்: 285. தும்மல்: 38.

செப்டம்பர் 13

இன்ஸ்பெக்டர் ஞானதிரவியம் ஐயா இன்று அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, யாரும் வருவதில்லை. கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏட்டம்மா, ஃபோன்ல பாத்தேன், பாம்புச் செடின்னு ஒண்ணு இருக்காம். காத்தச் சுத்தம் பண்ணுமாம். ஒண்ணு வைப்போம்" என்றார். சாயங்காலமே தொட்டியோடு வந்துவிட்டது.

செப்டம்பர் 14

செடி வைத்தாயிற்று. தும்மல்: 44.

செப்டம்பர் 22

செடி செத்துவிட்டது. ஸ்டேஷன் ரைட்டர் மாசானமுத்து வந்து பார்த்தான். எழுத்து வேலை முழுக்க அவன்தான், வாயும் அவன்தான். "ஏட்டக்கா, சந்தேக மரணம்னு ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டுருவமா?" என்றான். போய் உன் சோலியைப் பாருல என்றேன். எட்டு நாளில் ஒரு செடியே போய்விட்ட இடத்தில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன் என்று அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அதை நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 24

மாசானமுத்து தூபக்காலில் சாம்பிராணி போட்டு, புகையப் புகைய அறைக்குள் கொண்டுவந்தான். ஒன்பது கேன் பெட்ரோல் இருக்கிற அறைக்குள்! நான் போட்ட சத்தத்தில் லாக்கப்பில் இருந்தவனும் எழுந்து நின்றுவிட்டான். சத்தம் போட்டதால் இருமல். இது அறையால் வந்தது அல்ல, மாசானமுத்துவால் வந்தது.

ஊதல்: 260.

செப்டம்பர் 27

வார விடுப்பு. வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன், மாவு அரைத்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். தும்மல்: 1. ஊதல்: 325. குழாய் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, "குழாய் நல்லாத்தான் இருக்கு" என்றார். உப்பளத்தில் தண்ணீர் அளக்கிறவருக்கு மூச்சு அளக்கிற குழாயைப் பற்றி என்ன தெரியும்?

செப்டம்பர் 30

நல்ல செய்தி. எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு நான் எழுதிய ஏழாவது கடிதத்துக்கு மாவட்ட ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. அனுமதி! ஓரிரு நாளில் ஃபேன் வரும். மாசானமுத்துவுக்கு என் செலவில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். அவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பதினோரு வருடத்தில் நான் வாங்கிக் கொடுத்த முதல் வடை அது.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. ஒயின்ஷாப் எல்லாம் மூடல். அப்படியென்றால் எங்களுக்கு பிரம்மசக்தி வருவாள் என்று அர்த்தம். கடை மூடுகிற நாளுக்கு முந்தைய நாள் பாட்டில்களை வாங்கிப் பதுக்கி, மூடிய நாளில் கூடுதலுக்கு விற்பாள். வருடத்துக்கு எட்டு நாள் மூடல், எட்டு நாளும் பிடிபடுவாள், எட்டு நாளும் சாயங்காலம் ஜாமீனில் போவாள். ஊரில் அவளுக்கு லீவுநாள் அக்கா என்று பெயர்.

இன்று 48 குவாட்டர் பாட்டில், ஒரு சாக்குப்பை. அதே நேரத்தில் ஜீப்பில் ஃபேனும் வந்து இறங்கியது. கண்ணால் பார்த்தேன், புத்தம் புதுசு. மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அறைக் கதவு திறந்து இருந்ததால் தும்மல் விடாமல் வந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். ஒருவழியாக கைப்பற்றிய பொருட்களின் பட்டியலோடு மகஜர் எழுதி, கையெழுத்து வாங்கி, அரக்கு வைத்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார்.

ஊதல்: 240. தும்மல்: எண்ண நேரமில்லை.

அக்டோபர் 3

எலக்ட்ரீஷியன் சகாயம் ஏணியோடு வந்தார், தகரத்தைப் பிடுங்கினார், "ஃபேன எடுங்க" என்றார். ஃபேனைக் காணவில்லை. மேஜையில் இல்லை, பெஞ்சில் இல்லை, ஜீப்பில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலேயே திருட்டா என்று இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அறைக்குள் இருந்தது. பாட்டில் மூட்டைக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில் பொதிந்து, சணல் கட்டி, நாலு இடத்தில் அரக்கு முத்திரையோடு, அட்டையில் அழகாக எழுதி: "குற்ற எண் 214. எதிரி பிரம்மசக்தி. வரிசை எண் 1: குவாட்டர் பாட்டில் 48. வரிசை எண் 2: சாக்குப்பை 1. வரிசை எண் 3: காற்றாடி 1."

யாரோ கவனமில்லாமல் செய்த வேலை. பாராவில் நின்ற பயலாக இருக்கும்.

அக்டோபர் 4

துணியைப் பிரித்து மாட்டிவிட்டால் என்ன என்று சகாயம் கேட்டார். வெளியாள், அவருக்கு என்ன தெரியும்? பட்டியலின் நகல் நேற்றைக்கே எஃப்.ஐ.ஆரோடு கோர்ட்டுக்குப் போய்விட்டது. கோர்ட்டுக்குப் போன பட்டியலில் இருக்கிற பொருளின் முத்திரையை உடைத்தால் அது சாட்சியத்தைக் கலைப்பது. இன்ஸ்பெக்டர் ஐயா பட்டியலில் போட்டிருந்த தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசிக்காமல் போட்டது. கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

"அப்ப அந்த ஓட்டைய என்ன செய்ய?" என்று சகாயம் கேட்டார். திரும்பத் தகரத்தை அடிக்கச் சொன்னோம்.

அறைக்குள் இப்போது மின்விசிறிகள் பன்னிரண்டு.

அக்டோபர் 8

பாராக்காரனிடம் விசாரித்தேன். அவன் அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் டியூட்டிக்கு வந்தானாம். பட்டியல் பதினொன்றரைக்கு எழுதியது. மாசானமுத்து பதிவேட்டை விரித்து என் முன்னால் வைத்தான். "காற்றாடி" என்பதில் உள்ள 'ற்றா' ஒரு மாதிரி வளைந்து, வால் நீண்டு இருக்கிறது. இந்த ஸ்டேஷனில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான்.

டாக்டரம்மா, இந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை. ஸ்டேபிள் அடிக்கிறேன்.

ஆமாம், நான்தான். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், மேஜைமேல் இருந்ததை எல்லாம் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. பதினோரு வருடமாக அந்த மேஜைக்கு வந்த பொருளுக்கு அந்தக் கை வேறென்ன செய்திருக்கிறது? அன்றைக்கு என் டிபன் பாக்ஸ் மேஜையில் இல்லாமல் போனது கடவுள் புண்ணியம்.

அக்டோபர் 12

அரசு வக்கீலைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். இரண்டு வழிதான். ஒன்று, பட்டியல் பொய்யாக எழுதப்பட்டது என்று போலீசே கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் வழக்கு அம்போ, எழுதியவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும் மெமோ. எழுதியவர் அறையில் இருக்கவே முடியாது. இரண்டாவது வழி, யாரிடமிருந்து பொருள் கைப்பற்றப்பட்டதோ அவரே கோர்ட்டில் மனுப் போட்டு, "என் பொருள், என்னிடம் கொடுங்கள்" என்று வாங்குவது.

"யாருட்ட கைப்பத்துனோம்?" என்று கேட்டார் ஐயா, தெரிந்துகொண்டே.

"பிரம்மசக்திகிட்டங்கய்யா."

"நல்லா வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவர் ரூமுக்குள் போய்விட்டார்.

ஊதல்: 225.

அக்டோபர் 15

மழை. அறையில் ஈரம் ஏறி, பேப்பரில் சுற்றியதெல்லாம் பூசணம் பிடிக்கிறது. வாசலிலிருந்து நான்காவது அலமாரிக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்றேன். அலமாரி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் நின்றேன்.

ஊதல்: 215.

அக்டோபர் 20

பிரம்மசக்தி வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் போடாமல். கடற்கரைத் தெருவில் ஓலைக் கொட்டகை. பார்த்ததும் இரண்டு கையையும் மணிக்கட்டில் சேர்த்து நீட்டினாள்.

"இன்னைக்கு என்ன லீவு ஏட்டம்மா? எனக்குத் தெரியாம எதும் விட்டுட்டாகளா?"

விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஆக, அது என்னுது இல்லன்னு இப்ப நீங்களே சொல்லுதீய."

"ஆமா."

"அன்னைக்கு நான் சொன்னேம்லா?"

டாக்டரம்மா, இந்தப் பக்கத்துக்கும் ஸ்டேபிள். அவள் சொன்னது உண்மை. அக்டோபர் 2 அன்று நான் எழுதாமல் விட்டது இதுதான். பட்டியலை வாசித்துக் காட்டியபோது அவள், "ஏட்டம்மா, அந்தக் காத்தாடி என்னுது இல்ல" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீய, கையெழுத்தப் போடு" என்றேன். அவள் போட்டாள். பதினோரு வருடத்தில் இந்த மேஜை முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் சொன்ன ஒரே வார்த்தை "இது என்னுது இல்ல". அதைக் கேட்கிற காது எனக்கு எப்போதோ அடைத்துவிட்டது.

"மனுப் போட்டு வாங்கிக் குடுத்திரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

"நான் கோர்ட்ல நின்னு பொய் சொல்லணும். போலீசு வந்து சொல்லச் சொல்லுது. கலிகாலந்தான், பாத்துக்கிடுங்க." விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய் சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை தம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

அக்டோபர் 29

ஊதல்: 200. உண்மையில் முள் 190க்கும் 200க்கும் நடுவில் நின்றது. சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான் என்று சட்டமே சொல்கிறது.

நவம்பர் 4

பிரம்மசக்தி மனுப் போட்டுவிட்டாள். மாசானமுத்து கோர்ட்டிலிருந்து ஓடிவந்து சொன்னான். அவளுடைய மனுவை அவளுடைய வக்கீலுக்குத் தட்டச்சு செய்து கொடுத்ததே அவன்தான் என்பது பிறகு தெரிந்தது. நான் அதைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நவம்பர் 12

கோர்ட். நான், இன்ஸ்பெக்டர் ஐயா, துணியில் பொதிந்த காற்றாடி. பிரம்மசக்தி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். மாஜிஸ்திரேட் அம்மா பட்டியலை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பாட்டில் விக்கிறதுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் எதுக்குமா?"

"விக்கதுக்கு இல்லங்கம்மா. அடுப்படியில மாட்டலாம்னு வாங்கி வச்சிருந்தேன். புகையா இருக்கு. அதையும் சேத்து அள்ளிட்டு வந்துட்டாக."

இன்ஸ்பெக்டர் ஐயா மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப இது உங்களுடையதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சே இல்லை. டாக்டரம்மா, இது அறையால் வந்தது இல்லை. பிரம்மசக்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அவசரமே படாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஆமாங்கம்மா. என்னுதுதான்."

பதினோரு வருடத்தில் ஒரு எதிரி வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் அவளுடையது இல்லாத ஒரே பொருளுக்கு!

போலீசுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எங்கள் ஐயா "இல்லை" என்று சொன்ன வேகத்துக்கு மாஜிஸ்திரேட் அம்மா ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தார். உத்தரவு ஆகிவிட்டது. வழக்கு முடியும்வரை பொருள் பிரம்மசக்தியின் பொறுப்பில். ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். விற்கக் கூடாது, உருவம் மாற்றக் கூடாது, அடையாள அட்டையைக் கிழிக்கக் கூடாது, கோர்ட் கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். காற்றாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். நான் கையை நீட்டினேன்.

"என்ன ஏட்டம்மா?"

"காத்தாடி."

"இது என்னுதுல்லா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நவம்பர் 13

ஊதல்: 180. முள்ளில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து ஒரு மணி நேரம் புகை மாதிரி மருந்தை இழுக்கச் சொன்னார்கள். டாக்டர் நஸ்ரின் நோட்டை வாங்கி ஸ்டேபிள் அடித்த பக்கங்களை எல்லாம் பிரித்து வாசித்தார். முத்திரையை உடைக்க அவருக்கு யார் உத்தரவு கொடுத்தது?

வாசித்து முடித்துவிட்டு, "இது தும்மல் இல்லை, ஆஸ்துமா. உங்களுக்கே தெரியும்" என்றார். "பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள எண் ஏறலைன்னா கடிதம் போயிடும்."

நவம்பர் 15

அடுத்து யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்று ஸ்டேஷனில் பேச்சு. கொடுப்பதென்றால் 1,150ஐயும் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். முதலில் பெயர் வந்தவருக்கு முதுகுவலி, இரண்டாமவருக்கு மச்சினி கல்யாணம். மூன்றாமவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

நான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு கழிவறைக்குப் போய் அழுதேன். அந்த அறை நாறுகிறது, என்னைக் கொல்லுகிறது, சரி. ஆனால் ஏழு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பிள்ளையின் கொலுசு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கோர்ட் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தக் கொலுசால்தான் அந்தக் கேசில் தண்டனை ஆனது. வருகிறவருக்கு அது வெறும் எண்ணாகத்தானே இருக்கும்.

ஊதல்: 185.

நவம்பர் 18

காலை பத்து மணி. வாசலில் பிரம்மசக்தி. இடுப்பில் காற்றாடி. பின்னால் ஏணியோடு எலக்ட்ரீஷியன் சகாயம்.

"எங்க அந்த ஓட்டை?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் ஐயா ரூமிலிருந்து வெளியே வந்தார். "ஏம்மா, கோர்ட் இத உன் பொறுப்புல வைக்கச் சொல்லிருக்கு."

"பொறுப்புல வைக்கணும்னுதான சொல்லிச்சு? எந்தச் சொவத்துல வைக்கணும்னு சொல்லலயே. எங்க வீடு ஓலைக் கொட்டாய், இதுக்கு அங்ஙன என்ன சோலி? பத்திரமான எடம் வேணும்லா. போலீஸ் ஸ்டேஷன விடப் பத்திரமான எடம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

ஐயா ஒதுங்கி வழி விட்டார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு நாளா ஏன் கொண்டாரல?" என்று கேட்டேன்.

"சகாயம் நேத்துதான் ஊர்லருந்து வந்தான். அதோட, ஆறு நாளாவது நீங்க என்னய நெனச்சுக்கிட்டே கெடக்கட்டும்னுதான்." பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அறைக்கு எதிரே கிடக்கிற அந்த பெஞ்ச் அவளுடைய வழக்கமான இடம். "வருசத்துக்கு எட்டு நாளு நானும் இங்ஙனதான இருக்கேன். அந்த நாத்தம் எனக்கும்தான். நீங்க தும்முத தும்முல ஒருநாளாவது கண்ண மூடிருக்கேனா?"

சகாயம் மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டார். முதலில் ஒரு கிறீச் சத்தம். பிறகு சுற்ற ஆரம்பித்தது. பதினோரு வருடத் தூசி ஒன்றாகக் கிளம்பி வந்ததில் ஸ்டேஷனே தும்மியது. அடையாள அட்டையைக் கிழிக்கக் கூடாது என்பதால் அது ஃபேனின் இரும்புச் சட்டத்தில் கட்டியபடியே தொங்கிப் படபடக்கிறது. சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. அறைக்குள் விழுந்த வெயிலை நான் நின்று பார்த்தது இன்றுதான்.

நவம்பர் 22

ஊதல்: 265. டாக்டர் நஸ்ரின் எழுதி வைத்திருந்த கடிதத்தை என் கண் முன்னாலேயே மேஜை டிராயருக்குள் வைத்தார். "கிழிக்கலை. உள்ளதான் இருக்கு" என்றார். மருந்தையும் நிறுத்தக் கூடாதாம். நிறுத்தவில்லை. ஆஸ்துமா என்று இந்த நோட்டில் நானே என் கையால் எழுதிவிட்டேன், போதுமா டாக்டரம்மா?

டிசம்பர் 1

காற்றாடியைப் பார்வையிட பிரம்மசக்தி வந்தாள். பொருளுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் ஜாமீன் எழுதிக் கொடுத்த அவள்தானே, மாதம் ஒருதரம் பார்ப்பாளாம். சேலைத் தலைப்பால் இறக்கையைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள்.

"என்னய்யா இது, இம்புட்டு அழுக்கு? இப்படித்தான் வச்சிருப்பீயளா அடுத்தவன் பொருள?"

இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பெட்ரோலு வாசம் வருது. என் காத்தாடி பக்கத்துல தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?" என்றாள். சாயங்காலமே பெட்ரோல் கேன்களை வெளிக் கொட்டகைக்கு மாற்ற கோர்ட்டுக்கு மனு தயாரானது. ஏழு கடிதம் எழுதிய எனக்கு நடக்காதது ஒரு எதிரிக்கு ஒரே வாயில் நடக்கிறது. வயிறு எரிந்தாலும் நெஞ்சு குளிர்கிறது.

டிசம்பர் 19

பழைய வழக்குகளின் பீடி இலையையும் மஞ்சளையும் அழிக்க உத்தரவு வந்துவிட்டது. மூட்டைகள் போன இடத்தில் தரை தெரிகிறது. தரை சிவப்பு நிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இருப்பு 1,150லிருந்து 1,068. இன்ஸ்பெக்டர் ஐயா இன்று அறைக்குள் வந்தார். வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே வந்தார்.

ஊதல்: 320. தும்மல்: 6.

ஜனவரி 2

மாசானமுத்து ஒரு பாம்புச் செடி வாங்கி வந்து அறையில் வைத்திருக்கிறான். தொட்டியில் அட்டை கட்டவில்லை. கவனமாக மேஜையைச் சுற்றிப் போய் நேராக அலமாரியில் வைத்தான். மேஜைமேல் மட்டும் வைக்கவே இல்லை.

ஜனவரி 26

குடியரசு தினம். கொடியேற்றம், மிட்டாய், பிரம்மசக்தி.

31 குவாட்டர் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் கூடை. மேஜை முன்னால் நின்றாள். நான் பேனாவைத் திறந்தேன். முதலில் மேஜையிலிருந்த என் கண்ணாடிக்கூடு, மிட்டாய்ப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்தேன். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

"அக்கா, இந்தப் பாட்டிலு ஒங்களுதா?"

அவள் திகைத்துப்போய்விட்டாள். மாசானமுத்துவும் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"பாட்டிலு என்னுது இல்ல" என்றாள் பிரம்மசக்தி.

"கூடை?"

"கூடையும் என்னுது இல்ல."

இரண்டையும் அப்படியே எழுதினேன், "எதிரி தன்னுடையது இல்லை என்கிறார்" என்று. கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, அறைப் பக்கமாகத் தலையைத் திருப்பி, சுவரில் சுற்றுவதைப் பார்த்தாள்.

"இந்த ஸ்டேஷன்ல அது ஒண்ணுதான் ஏட்டம்மா என்னுது" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் அவள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

சாயங்காலம் ஜாமீனுக்கு ஆள் வந்தபோது அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

ஊதல்: 360. தும்மல்: இல்லை.